லாச்சியில் இருந்த ஐந்து படங்கள்

நிமலன்,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் பேசியபோது நான் சட்டென்று வைத்துவிட்டேன். அடுப்பில் பருப்பு இருக்கிறது என்று சொன்னேன். பருப்பு இருந்தது உண்மைதான், ஆனால் வைத்ததற்குக் காரணம் அது இல்லை. மெல்பேர்னுக்குப் புறப்படும் முன் கையில் இருக்கும் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும் என்றாய். பல ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படங்களை வாங்கி ஒரே மாதிரியான பஃபரில் போடும் பகுதி என்றாய். "சில படத்துக்கு ஒரு சேனல், சிலதுக்கு மூணு, சிலதுக்கு நாலு. எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு இருந்தா புறப்படுறதுக்குள்ள முடியாதும்மா. மூணு இல்லாததை எல்லாம் இப்போதைக்கு ஸ்கிப் பண்ணிடலாம்னு பார்க்கிறேன்" என்றாய். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் போனை வைத்தேன். நானும் ஒரு நாள் அதே வரியை எழுதினேன். அதனால் ஒரு மனிதன் இரண்டு இரவுகள் அடைபட்டிருந்தான். அந்தக் கதையில் ஒரு துண்டு உனக்குத் தெரியும். முழுவதும் தெரியாது. நீ விமானம் ஏறுவதற்கு முன் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

அப்போது உனக்குப் பதினொரு வயது. போர் முடிவதற்கு ஓரிரு வருடங்கள் இருந்தன. மாத்தளை டவுனில் நான் கணனி படிப்பித்த தொழிற்பயிற்சி நிலையம் உனக்கு நினைவிருக்கும். பின்பக்கம் பயிற்சி பெறுகிறவர்கள் தங்கும் விடுதி இருந்தது. வெல்டிங், மோட்டாருக்குக் கம்பி சுற்றுவது, ஃபிரிட்ஜ் திருத்துவது எல்லாம் படிக்க சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று மூன்று சாதிப் பிள்ளைகளும் வந்தார்கள். விடுதியில் தங்கும் எல்லாருடைய பெயர், அடையாள அட்டை எண், படம் மூன்றும் சேர்த்து ஒரு பட்டியல் தர வேண்டும் என்று பொலிஸிலிருந்து கடிதம் வந்தது. அந்த நாட்களில் அது புதுமை இல்லை. நம் வீட்டிலும் யார் இருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்துத்தான் இருந்தோம். பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "மிஸ், கையால ஒட்டி அனுப்பினா அசிங்கமா இருக்கும், கணனியில் செய்து தாங்க" என்றார். எனக்கும் அதில் ஒரு பெருமை. கடையில் வாங்கிய மென்பொருள் இல்லாமல் நானே ஒரு புரோகிராம் எழுதி, அறுபத்திரண்டு பேரின் முகத்தையும் முத்திரை அளவில் வரிசையாக அச்சடித்துக் காட்டலாம் என்று நினைத்தேன்.

படங்களை ஸ்கேன் செய்தது நிலாந்தி. இருபத்திரண்டு வயதுச் சிங்களப் பிள்ளை, தற்காலிக வேலை, ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதாதவள். கலர்ப் படங்களைக் கலரிலும் கறுப்பு வெள்ளைப் படங்களைக் கறுப்பு வெள்ளையிலும் ஸ்கேன் செய்தாள், இடம் மிச்சம் என்று நான்தான் அப்படிச் சொல்லியிருந்தேன். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, கலர்ப் படத்தில் ஒரு புள்ளிக்கு மூன்று எண்கள், நீ சொன்ன மூன்று சேனல்: சிவப்பு, பச்சை, நீலம். கறுப்பு வெள்ளையில் ஒரே ஒரு எண். ஒரு மாணவர் மட்டும் ஸ்டூடியோவில் பின்னணியை வெட்டி எடுத்த படத்தை சீடியில் கொண்டு வந்தார். அதில் நான்காவதாக ஒரு எண், அந்தப் புள்ளி எவ்வளவு தெரிய வேண்டும் என்பதற்கு. என் புரோகிராமுக்கு மூன்று மட்டும்தான் தெரியும். முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று பெட்டியின் மேல் மூன்றில் ஒரு பங்கில் நசுங்கிய மூன்று முகங்களாக வந்தது. கீழே வேறு யாருடையதோ சட்டைக் கொலர். அதைப் பார்த்த உடனேயே எனக்குக் காரணம் விளங்கியிருக்க வேண்டும். விளங்கவும் செய்தது. ஆனால் சரிசெய்யாமல், மூன்று இல்லாத படத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ என்று ஒரு வரி எழுதினேன். அந்தப் பெட்டிகள் வெறுமையாக வரும், பிறகு பசை போட்டு ஒட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டு, அப்படி விடுபட்ட ஐந்து பேரில் கறுப்பு வெள்ளைக்கார நால்வரின் அசல் படங்களையும் ஒரு உறையில் போட்டு என் மேசையில் இழுத்துத் திறக்கும் லாச்சியில் வைத்தேன். ஐந்தாவதாக, சீடிக்காரரின் படத்தையும் ஒரு பிரதி எடுத்து அதற்குள் வைத்தேன். அசல் படங்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் அந்தந்த ஊர்க் கிராம சேவகரின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

பட்டியல் அச்சாகி வந்தபோது ஒரு பெட்டிகூட வெறுமையாக இல்லை. அறுபத்திரண்டு பெட்டி, அறுபத்திரண்டு முகம். எப்படியோ அந்த ஐந்தும் ஏறிவிட்டன என்று சந்தோஷப்பட்டேன். எப்படி ஏறின என்று கேட்கவில்லை. நீ இந்நேரம் கண்டுபிடித்திருப்பாய். எல்லாருக்கும் ஒரே பஃபரை, அச்சாகும் முன் படம் ஏறி நிற்கும் அந்த ஒரே இடத்தைத்தான், திரும்பத் திரும்பப் பாவித்தேன், நடுவில் அதைத் துடைக்கவும் இல்லை. புதுப் படம் ஏறாதபோது அதற்கு முன் இருந்தவரின் முகம் அப்படியே கிடந்தது. அதுதான் அடுத்தவரின் பெயருக்கு மேல் அச்சானது. நான் பெட்டிகளை எண்ணினேனே தவிர முகங்களைப் பார்க்கவில்லை. பணிப்பாளர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். பட்டியல் போனது.

கதிரேசன் எல்கடுவப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பிள்ளை என்கிறேன், வயது இருபத்தொன்பது, கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை. தோட்டத்து லொறி ஓட்டிக்கொண்டிருந்து வேலை போனதும் ஃபிரிட்ஜ் திருத்தப் படிக்க வந்தவன். சனி ஞாயிறுகளில் சீகிரியாவில் ஒரு ஹோட்டலுக்குப் போய் அங்கே இருக்கும் ஏசி மெக்கானிக்குடன் வேலை பழகுவான். ஒரு திங்கட்கிழமை காலை பஸ்ஸில் திரும்பி வரும்போது, நாலந்தாவுக்கு இந்தப் பக்கம் வழக்கமான சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அவனுடைய அடையாள அட்டை பழையது, ஓரம் கிழிந்து பிளாஸ்டிக் உரிந்திருந்தது. எங்கே தங்குகிறாய் என்று கேட்டதற்கு எங்கள் விடுதியின் பெயரைச் சொல்லியிருக்கிறான். அவர்களிடம் பட்டியலின் பிரதி இருந்தது. கதிரேசன் என்ற பெயருக்கு மேலே ரிஸ்வானின் முகம். ரிஸ்வான் உக்குவளையிலிருந்து வந்து அதே வகுப்பில் படித்தவன், பட்டியலில் இவனுக்கு ஒரு இடம் முன்னால் இருந்தவன். கிழிந்த அட்டை ஒரு முகத்தைச் சொல்கிறது, முத்திரை குத்திய கணனிப் பட்டியல் வேறு முகத்தைச் சொல்கிறது. அவர்கள் கணனியை நம்பினார்கள். வேறொருவனின் பெயரில் போலி அட்டை வைத்திருக்கிறான் என்று அவனைத் தடுத்து வைத்தார்கள்.

பொலிஸிலிருந்து தகவல் வந்ததும், பத்து மணிக்குப் பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு அலுவலகப் பிரதியை மேசையில் விரித்தார். அவர் புதிதாக வந்தவர், பயந்த மனிதர். "இது ரிஸ்வான் இல்லையா மிஸ்? ரெண்டு தரம் இருக்கிறானே?" என்றார். நான் ஒரு முறைதான் பார்த்தேன், மகன். உடனே விளங்கிவிட்டது. எந்த வரி, ஏன், இன்னும் எந்தெந்தப் பெட்டிகள் என்று எல்லாமே விளங்கியது. உறை லாச்சியில் இருக்கிறது என்பதும் அந்த நொடியில் நினைவுக்கு வந்தது. ஃபிரிட்ஜ் வகுப்பு ஆசிரியர் அப்போதே பொலிஸுக்குப் போன் எடுத்து, அவன் எங்கள் பையன்தான் என்று சொல்லியிருந்தார். போனில் சொன்னால் போதாது, பணிப்பாளரின் கையெழுத்தோடு விளக்கம் எழுத்தில் வர வேண்டும் என்றார்களாம். "எப்படி நடந்ததுன்னு நீங்க எழுதித் தாங்க. அது இல்லாம நான் கையெழுத்துப் போட்டா என் கழுத்துக்குத்தான் வரும்" என்றார் பணிப்பாளர்.

நான் எழுதினேன். "படங்களை ஸ்கேன் செய்யும்போது ஒன்றுக்கொன்று மாறியிருக்கக்கூடும்." நல்ல கையெழுத்தில், சிங்களத்தில், மூன்றே வரி. நிலாந்தியின் பெயர் அதில் இல்லை. ஆனால் ஸ்கேன் செய்தது யார் என்று அந்தக் கட்டிடத்தில் எல்லாருக்கும் தெரியும். பிற்பகல் பணிப்பாளர் அவளைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டது என் வகுப்பு வரைக்கும் கேட்டது. அவள் என் மேசைக்கு வந்து நின்று, "மிஸ், நான் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுத்தான் வைத்தேன். மாறியிருக்கவே முடியாது. நீங்கள் பார்த்தீர்கள்தானே?" என்று சிங்களத்தில் கேட்டாள். நான், "பார்ப்போம் நங்கி" என்றேன், தங்கச்சி என்று கூப்பிட்டே. அவள் நின்ற இடத்திலிருந்து லாச்சியின் பிடி ஒரு முழ தூரம். ஏன் திறக்கவில்லை என்று உனக்கு நேராகவே சொல்கிறேன். கணனி தெரிந்த ஒரே ஆள் என்று அங்கே எனக்கு ஒரு மரியாதை இருந்தது. நிரந்தர நியமனத்துக்கு என் பெயர் போயிருந்தது. பொலிஸுக்குப் பிழையான பட்டியல் கொடுத்த தமிழ்ப் பொம்பளை என்று ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்ற பயமும் இருந்தது. பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயத்தை நான் நிலாந்தியின் தலையிலும் கதிரேசனின் தலையிலும் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து உனக்குப் புட்டு அவித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை என் கடிதத்துக்குப் பதில் வந்தது. பொலிஸ் பொறுப்பதிகாரி பணிப்பாளருக்குப் போன் எடுத்து ஒரு கேள்வி கேட்டிருந்தார். "படங்கள் மாறியிருந்தால் இந்த ஆளின் முகம் வேறு ஒரு பெயருக்கு மேலே இருக்க வேண்டுமே. அறுபத்திரண்டையும் பார்த்துவிட்டேன். எங்கேயும் இல்லை. அப்படியானால் இந்த ஆள் உங்களிடம் படிக்கவே இல்லை." நான் அந்தப் பொய்யை எழுதாமல் சும்மா இருந்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு கெடுதல் வந்திருக்காது. கெட்டிக்கார மனிதர் ஒருவர் என் பொய்யைச் சரியாகச் சோதித்துப் பார்த்து, அதன்படி சரியான முடிவுக்குத்தான் வந்திருந்தார்.

அன்றைக்குத்தான் அவன் மனைவி செல்வி வந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து, தோட்டத்து அலுவலகத்தில் வாங்கிய கடிதத்தோடு நேரே சோதனைச்சாவடிக்குப் போய்விட்டு எங்கள் கேட்டுக்கு வந்திருந்தாள். கதிரேசன் என்று ஒரு ஆள் இருக்கிறார் என்பதற்குத்தான் அந்தக் கடிதம், இவர்தான் அவர் என்பதற்கு இல்லை என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். காவலாளி உள்ளே விடாததால் நான் கேட்டுக்குப் போனேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. அவளுக்குப் புரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தாள்.

"டீச்சர், அவரு மொகம் அவரு மொகந்தானே?"

"ஆமா."

"நான் பொண்டாட்டி, நான் சொல்றேன். ஐயாமாரு இல்லேங்கிறாங்க. கம்ப்யூட்டர்ல வேற மொகம் இருக்காம். கம்ப்யூட்டருக்கு எங்க வீட்டுக்காரரை எப்படித் தெரியும் டீச்சர்? யாரு அதுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்" என்றேன். அது வாயிலிருந்து தானாக வந்தது. அவள் என்னை ஏசுவாள் என்று பார்த்தேன். "அப்ப நீங்களே வந்து மாத்திச் சொல்லுங்களேன்" என்றாள். அவளுக்கு அது அவ்வளவு லேசான விஷயமாக இருந்தது.

நான் உள்ளே போய் லாச்சியைத் திறந்து உறையை எடுத்துப் பணிப்பாளர் முன்னால் வைத்தேன். நேற்றுக் கொடுத்த கடிதம் பொய் என்று சொன்னேன். அவர் ஐந்து படங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கதிரேசனின் படம், அடையாள அட்டைக்கு எடுத்ததில் மிஞ்சிய பிரதி, கிராம சேவகரின் முத்திரையோடு இருந்தது. "இது நேற்றும் இங்கேதான் இருந்ததா?" என்று கேட்டார். "ஆமா சேர்." அவர் எழுந்து வாடகை வான் பிடித்து வர ஆள் அனுப்பினார். நானும் அவரும் செல்வியும் குழந்தையும் அவனைத் தடுத்து வைத்திருந்த இடத்துக்குப் போனோம்.

பொறுப்பதிகாரி அறுபது வரிக் கடிதம் எதிர்பார்த்திருப்பார் போல. நான் பட்டியலையும் ஐந்து படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சேனல், பஃபர் என்று எதுவும் சொல்லவில்லை. சாதாரண கலர்ப் படத்தை மட்டும் எடுக்கும்படி எழுதிவிட்டேன், மற்றப் படம் வந்தால் முந்தின ஆளின் முகத்தையே மறுபடியும் போட்டுவிடும் என்றேன். அவர், "கம்ப்யூட்டர் பிழை விடாது, மனிதர்கள்தான் விடுவார்கள் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்" என்றார். "சரிதான். அந்த மனிதர் நான்" என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு ஆளைக் காப்பாற்ற ஒரு டீச்சர் எதையும் சொல்லலாம் அல்லவா? அப்போது எனக்கு ஒன்று விளங்கியது. பிழை கதிரேசனுக்கு மட்டும் நடந்தது என்றால் அது சந்தேகம். ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி நடந்தது என்றால்தான் அது பிழை. என் முட்டாள்தனம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு அவனுக்கு நல்லது. மற்ற நான்கு பெட்டிகளையும் விரல் வைத்துக் காட்டினேன். நான்காவது சீகிரியாவைச் சேர்ந்த சமன், அந்தச் சீடிக்காரர். அவருடைய பெயருக்கு மேலே வெல்டிங் படிக்கும் வேறொருவரின் முகம். பக்கத்தில் நின்ற கொன்ஸ்டபிள் குனிந்து பார்த்துவிட்டு, "இது சமன் இல்லையே சேர். சமனை எனக்குத் தெரியும், எங்கள் பக்கத்தில் த்ரீவீல் ஓட்டுபவரின் மகன்" என்றார். பொறுப்பதிகாரி பேனாவை எடுத்தார். செல்வி காலையிலிருந்து சொன்னதை எழுதவில்லை, கொன்ஸ்டபிள் சொன்ன ஒரு வார்த்தையை எழுதினார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். எழுத்து வேலைகள் எல்லாம் முடிந்து புதன்கிழமை காலை கதிரேசனை விட்டார்கள். அடி உதை எதுவும் இல்லை என்று அவன் சொன்னான். தூங்கவில்லை என்றும் சொன்னான்.

எனக்கு எழுத்தில் கண்டிப்பு வந்தது, நிரந்தர நியமனம் இரண்டு வருடம் தள்ளிப் போனது. நிலாந்தியிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துத் தலையாட்டினாள், ஆனால் அதற்குப் பிறகு என்னோடு தேநீர் குடிக்க வரவில்லை. அந்தச் சனிக்கிழமை உன்னையும் கூட்டிக்கொண்டு போய் புரோகிராமைத் திருத்தினேன். நீ கதிரையில் முழங்கால் போட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். எல்லாப் படத்துக்கும் புள்ளிக்கு நான்கு எண் என்று வைத்துக்கொண்டேன். கறுப்பு வெள்ளைக்கு அந்த ஒரே எண்ணை மூன்று இடத்திலும் எழுதி, நான்காவதில் இருநூற்று ஐம்பத்தைந்து, அதாவது முழுதாகத் தெரியட்டும் என்பது. கலருக்கு மூன்றும் அப்படியே, நான்காவதில் அதே இருநூற்று ஐம்பத்தைந்து. நான்கு உள்ளதற்கு நான்கும் அப்படியே. ஒவ்வொரு ஆளுக்கும் முன் பஃபரைத் துடைப்பது. வேறு ஏதாவது வந்தால் வேலையை நிறுத்தி, யாருடைய படம் என்று பெயரைச் சொல்வது. "ஒரே நம்பரை எதுக்கும்மா மூணு தரம் எழுதுறீங்க?" என்று கேட்டாய். "அவங்ககிட்ட இருக்கிறது ஒண்ணுதான். அதை வச்சு எல்லாருக்கும் இருக்கிற அளவு பெட்டியை நிரப்பணும்" என்றேன். மொத்தம் பத்துப் பன்னிரண்டு வரி. முக்கால் மணி நேரம் எடுத்தது. உன் வேலையிலும் அதைவிட அதிகம் எடுக்காது. எடுத்தாலும் செய்துவிட்டுப் போ. நேரம் இல்லையென்றால் ஏறாத படம் ஏறவில்லை என்று சத்தமாகச் சொல்ல வை. ஆஸ்பத்திரிப் படத்தில் ஒருவரின் நெஞ்சு இன்னொருவரின் பெயரில் போய் உட்காரக் கூடாது.

கதிரேசன் வகுப்புக்குத் திரும்பவில்லை. நாலைந்து மாதம் கழித்து சீகிரியாவுக்குப் போய் அவனைத் தேடினேன். அதே ஹோட்டலில், சான்றிதழ் இல்லாததால் உதவியாளாகச் சேர்ந்திருந்தான். சமையலறைக்குப் பின்னால் ஒரு பெரிய ஃபிரிட்ஜைக் கழற்றிப் போட்டிருந்தான். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, உட்கார ஒரு பெட்டியை இழுத்துப் போட்டான். நடந்தது முழுவதையும் சொன்னேன், லாச்சியையும் சேர்த்து. அவன் சமையலறையிலிருந்து தேநீர் வாங்கி வந்து வைத்தான்.

"மிஸ், நான் ஒண்ணு சொல்லவா? நிலாந்தி மிஸ் அப்பவே கேட்டாங்க, கலர் போட்டோ இருந்தா கொண்டாங்கன்னு. எடுக்கப் போகல. பழசு இருக்கேன்னு அதையே குடுத்துட்டேன். இத்தனை நாளும் என் பெழையாலதான் புடிச்சாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். வீட்லயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

"உங்க பிழை எதுவும் இல்ல கதிரேசன்."

"இப்ப தெரியுது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாம் மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆறுவதற்குள் குடிங்க என்று தேநீரை என் பக்கம் தள்ளினான்.

நிமலன், நம் வீட்டில் இந்தக் கதை எப்படிச் சொல்லப்படும் என்று உனக்குத் தெரியும். அந்த வாரம் நிமலனுக்குக் காய்ச்சல், இவள் இரவெல்லாம் முழித்திருந்தாள், அந்த அவசரத்தில் ஒரு பிழை நடந்துவிட்டது என்று உன் அப்பா வருகிறவர்களுக்குச் சொல்வார். அவருக்கு அப்படிச் சொன்னது நான்தான். நீ ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும்போது ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "என் காய்ச்சலாலதானே ஒருத்தர் உள்ளுக்கு இருந்தாரு" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நான் அதைத் திருத்தாமல் உனக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டேன்.

இந்தக் கடிதம் எழுதத் தொடங்கும் முன் உன் பழைய கிளினிக் கொப்பியை எடுத்துத் திகதியைப் பார்த்தேன். உனக்குக் காய்ச்சல் வந்தது பட்டியல் போனதற்கு அடுத்த வாரம். நான் அந்த வரியை எழுதிய நாளில் நீ நன்றாக இருந்தாய், பள்ளிக்கூடம் போயிருந்தாய். எனக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை. மூன்றரைக்கே வேலையை முடித்துவிட்டு நிலாந்தியோடு உட்கார்ந்து தேநீர் குடித்தேன்.

அம்மா